நேரத்துக்கு முந்தி வருகிற அண்ணை

எங்கள் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு முதலில் வந்த விருந்தாளி எனக்கு இரண்டு கிலோ வெங்காயம் உரித்துத் தந்தார். அழைப்பில் மாலை ஆறு மணி என்று போட்டிருந்தோம். லண்டனில் நம்மவர்கள் ஆறு மணி என்று போட்டால், எட்டு மணிக்குப் போய் நின்றாலும் வீட்டுக்காரர், “என்ன, வெள்ளனவே வந்திட்டியள்?” என்றுதான் கேட்பார்கள். நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிற அந்த மனிதர் நாலரைக்கு வந்து மணியடித்தார். நான் நைட்டியோடும் தலையில் எண்ணெயோடும் கதவைத் திறந்தேன். கோட், டை, கையில் பரிசுப் பெட்டியுடன் அவர் நின்றார். பக்கத்தில் பட்டுச்சேலை உடுத்தியிருந்த அவருடைய மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாங்கள் கொஞ்சம் முந்திட்டம் போல,” என்றார் அண்ணை.

“கொஞ்சம்!” என்றார் அக்கா. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முன்னறையில் இருத்தினால் அவர் இருந்தால்தானே. ஐந்து நிமிடத்தில் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் குசினிக்குள் வந்து கத்தி கேட்டார். ரோல்ஸுக்கான வெங்காயம் முழுவதையும் உரித்து வெட்டினார். பிறகு பலூன் ஊதினார். குளியலறைக் கதவைத் தட்டி, “ஐசே, சனம் வரப்போகுது, கெதியா வாரும்!” என்று என் கணவரை அதட்டினார். சனம் எட்டரைக்குத்தான் வந்தது. கேக் வெட்டும்போது அண்ணை அங்கே இல்லை. அடுத்த நாள் அதிகாலை ஷிப்ட் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். பிரிக்ஸ்டனுக்கும் குரோய்டனுக்கும் இடையில் நாள் முழுக்க ஓடும் சிவப்பு மாடி பஸ். பஸ் ஓட்டத்தில் பிந்தி வந்தால் தெருவில் நெரிசல் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். முந்தி வந்தால் சொல்ல ஒன்றுமே கிடையாது, அது பெரிய குற்றம். அண்ணையின் பஸ் எப்போதும் இரண்டு நிமிடம் முந்தித்தான் நிற்கும். ஒரு நாள் நான் அதில் ஏறிப் போனபோது ஸ்ட்ரெத்தமில் வண்டி நின்றுவிட்டது. நேரத்தைச் சரிக்கட்டுவதற்காக இந்த பஸ் இங்கே சற்று நேரம் நிற்கும் என்று ஒரு பெண்குரல் ஒலிநாடாவில் சொன்னது. முன் கண்ணாடியில் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். வகுப்புக்கு வெளியே நிற்கவிட்ட பிள்ளையின் முகம். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

லண்டனுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் இருந்தவர் என்பதால் அந்த நாட்டுப் பழக்கம் தொற்றிவிட்டது என்று சனம் சொல்லும். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். “ஜேர்மன்காரன் நேரத்துக்கு வருவான். நேரத்துக்கு வாறதெண்டால் பிந்தி வாற மாதிரித்தான்,” என்பார். சின்ன வயதில் ஒருமுறை கொழும்பு ரயிலைத் தவறவிட்டதால் வந்த பழக்கம் என்று என் கணவரிடம் சொன்னாராம். பிந்தி வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வெயிலில் முழங்காலில் நிற்கவிட்டதால் என்று என்னிடம் சொன்னார். அக்காவிடம் கேட்டேன்.

“எனக்குச் சொன்ன கதை வேறை. என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கை ஒரு மணித்தியாலம் முந்தி வந்தவர். அதாலைதான் நான் கிடைச்சனாம். பின்னாலை வந்தவருக்கு உத்தியோகம் நல்ல உத்தியோகம், பிள்ளை,” என்றார் அக்கா. பெருமூச்சும் விட்டார்.

நான் அப்போது நோர்பரியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். எத்தனையோ ஆயிரம் பேரை அந்தக் கதவால் வரவிட்டிருக்கிறேன். பல் பிடுங்குவதற்கு முக்கால் மணித்தியாலம் முந்தி வந்து சந்தோசமாக உட்கார்ந்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

இப்படி ஒரு மனிதருக்குக் கடவுள் ஒரு சுணங்கல்காரத் தம்பியைக் கொடுத்திருந்தார். ஐந்து சகோதரங்களில் கடைசி. வன்னியில் ரியூட்டரி நடத்திய கணக்கு வாத்தியார். அண்ணையிடம் அவரைப் பற்றிய கதைகள் நூறு இருந்தன, எல்லாம் பிந்தி வந்த கதைகள். பரீட்சைக்குப் பிந்திப் போய்க் கடைசி மேசையில் இருந்து எழுதி முதலாவதாக வந்தது, தன்னுடைய கலியாணத்துக்கே அரை மணித்தியாலம் சுணங்கி சைக்கிளில் வந்து இறங்கியது. “அவன் பிறக்கவே ரெண்டு கிழமை சுணங்கினவன்,” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபம் கொஞ்சம்கூட இருக்காது.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதமும் எங்களில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அதை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் சனம் கூடிய நாட்களில் அண்ணை முதல் ட்ரெயினிலேயே போய் நிற்பார். ஒரு விடியற்காலையில் போலீஸ்காரர்கள் கம்பித் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருக்க, இவர் போய் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாராம். யாரைத் தடுக்க அந்த வேலி என்று கேட்டுச் சிரித்தோம். சித்திரை மாதத்தில் ஒரு நாள் தம்பி எங்கிருந்தோ இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசினார். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. தம்பியின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியா முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. தம்பி இல்லை. சனத்தோடு சனமாக இராணுவப் பக்கம் கடந்து வரும்போது, “நீங்கள் நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்,” என்று சொல்லிப் பிள்ளைகளை முன்னே அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை.

“சுணங்குவான். ஆனா வருவான்,” என்றார் அண்ணை. நாங்களும் ஓம் என்றோம்.

தம்பி வந்து சேர்ந்தால் கைலாசமலையைச் சுற்றி வருகிறேன் என்று அவர் நேர்த்தி வைத்தார். லூயிஷாமில் இருக்கும் கோயிலில், வெள்ளிக்கிழமைப் பூசையில், கற்பூரம் கொளுத்துவதற்கு முந்தியே வைத்துவிட்டார். ஆடி மாதம் கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டினார்கள்: ஆகஸ்ட் கடைசியில் நேபாளம் வழியாகக் கைலாச யாத்திரை, பதினான்கு பேருக்கு இடம். பசை காயமுதல் அண்ணை பெயர் கொடுத்துவிட்டார். முதலாவது பெயர்.

அன்று அன்னதானப் பந்தியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நேர்த்தி என்றால் கேட்டது கிடைத்த பிறகு செய்வது. பிள்ளை பிறந்த பிறகுதான் தொட்டில் கட்டுவார்கள், சோதனை பாஸ் பண்ணிய பிறகுதான் தேங்காய் உடைப்பார்கள். காரியம் நடக்கமுதல் நேர்த்தியைச் செலுத்தியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

“உங்களுக்கென்ன விசரே அண்ணை? தம்பி வரட்டும், பிறகு போகலாம்தானே?” என்றார் என் கணவர், சோற்றைப் பிசைந்தபடி.

“வந்த பிறகு போறதிலை என்ன இருக்கு, ஐசே? அது எல்லாரும் செய்வினம். நான் முதலே போய் முடிச்சிட்டனெண்டால் அவருக்கு ஒரு சாட்டுமில்லை. செய்துதான் ஆகவேணும்.”

அவர் என்றது சிவபெருமானை. ஐயரிடம் போய்க் கேட்டார்கள். ஐயர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படிச் செய்யக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை, செய்யலாம் என்றும் சொல்லவில்லை என்று சொல்லித் தப்பிக்கொண்டார்.

“எல்லாரும் ஒரு நாளைக்குக் கைலாசம் போகத்தானே வேணும். இந்த மனுசன் அதுக்கும் முந்திப் போகுது,” என்றார் அக்கா. பந்தி முழுவதும் சிரித்தது. பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வருத்தம், மலையேற முடியாது. “நீயும் போ பிள்ளை. உன்னைப்போல ஆறுதலா நடக்கிற ஆள் பக்கத்திலை நிண்டால்தான் இவரை இழுத்துப் பிடிக்கலாம். ஓடிப்போய் எங்கையாவது விழுந்திடுவார்.” என் நடையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நானும் கணவரும் பெயர் கொடுத்தோம்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த உயரம் பனைமரம் மட்டும்தான். மலை என்றால் எங்களுக்குப் படத்தில் வருவது. அண்ணை பயிற்சி எடுத்தார். பத்துக் கிலோ சம்பா அரிசி மூட்டையை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் கிறிஸ்டல் பலஸ் மேட்டில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு நாளும் முதல்நாளைவிட இரண்டு நிமிடம் குறைத்தார். ஒரு நாள் பை கிழிந்து அரிசி தெருவெல்லாம் கொட்டியது. புறாக்கள் சாப்பிட்டது போக மிஞ்சியதை அள்ளிக்கொண்டு வந்தார்.

நேபாளத்தின் வடமேற்கு மூலையில் ஹும்லா என்று ஒரு மலைநாடு இருக்கிறது. நாங்கள் போன பக்கம் வண்டிப் பாதை கிடையாது. ஒரு சின்ன விமானம் சிமிகோட் என்ற ஊரில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆறு நாள் ஆற்றோடு நடந்து எல்லையைக் கடந்து, திபெத்துக்குள் ஜீப்பில் மானசரோவர் போய், பிறகு கைலாசம். எங்கள் வழிகாட்டி அந்த மேல் ஹும்லாவில் பிறந்தவர், திபெத்திய இனம், நாற்பது வயதிருக்கும். உடைந்த ஆங்கிலம் பேசுவார். வாயைத் திறந்தால் “பிஸ்தாரி, பிஸ்தாரி” என்பார். நேபாளி மொழியில் மெல்ல மெல்ல என்று அர்த்தம். கெதியா என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று அண்ணை முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டார்.

காலையில் நாங்கள் கூடாரத்துக்குள் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணை பையை மாட்டிக்கொண்டு வெளியே நிற்பார். எந்த ஊருக்கும் முதலில் போய்ச் சேருகிறவர் அவர்தான். தட்டைக் கூரைகளில் விறகு அடுக்கிய கல்வீடுகள், கயிற்றில் படபடக்கும் மந்திரக் கொடிகள், வாற்கோதுமை வயல்கள். அவற்றையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு வருவேன். அண்ணை பார்த்தது கைக்கடிகாரத்தை.

மூன்றாம் நாள் பாதை நடுவே ஒரு நீளச் சுவர் வந்தது. மந்திரம் செதுக்கிய தட்டைக் கற்களை இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதை வலமாகத்தான் கடக்க வேண்டும், சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, நடக்கத் தொடங்கிய நாள் முதல் கோயிலை அப்படித்தான் சுற்றுகிறோம். ஆனால் முன்னால் போன அண்ணை, மற்றப் பக்கம் பாதை குறுக்கு என்று கண்டு இடமாக நடந்துவிட்டார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் கையை ஆட்டிக் கத்தினார். வழிகாட்டி அண்ணையைத் திருப்பி அழைத்து, தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, சரியான பக்கத்தால் நடக்க வைத்தார்.

“சிவன்ரை நாட்டிலை வந்து இடமாச் சுத்தினவர் எண்டு லண்டன் முழுக்கச் சொல்லுறன்,” என்றார் என் கணவர்.

“நான் அதை ஆரின்ரையோ காணி எல்லை மதில் எண்டெல்லோ நினைச்சன்,” என்றார் அண்ணை. யாழ்ப்பாணத்தாருக்கு மதிலைக் கண்டால் மந்திரமா நினைவு வரும், காணிச் சண்டைதான் வரும். நாங்கள் சிரித்த சிரிப்பில் கிழவரும் சேர்ந்துகொண்டார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மழைக்கு ஒரு வீட்டில் ஒதுங்கினோம். வீட்டுக்காரி உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீரைக் கிண்ணங்களில் ஊற்றினாள். அண்ணைக்கு அந்த வாசனையே பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கெதியாக முடித்துவிட வேண்டும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். அந்த நாட்டில் விருந்தாளியின் கிண்ணம் வெறுமையாக இருக்கக்கூடாது. அவள் உடனே நிரப்பினாள். அவர் உடனே குடித்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு ஆறுதலாக இருந்தேன், என் கிண்ணத்தை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. அண்ணை ஆறாவது கிண்ணத்தில்தான் விசயத்தைப் புரிந்துகொண்டார். வீட்டுக்காரிக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

கைலாசத்தைச் சுற்ற மூன்று நாள். முதல் நாள் இருபது கிலோமீற்றர். அண்ணை எல்லோரையும் விட்டுவிட்டு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். திராபுக் என்ற இடத்தில், மலையின் வடமுகத்துக்கு நேரே, தங்குமிடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. தலையிடி என்றார், சாப்பாட்டைப் பார்க்க மனமில்லை என்றார். வழிகாட்டி அவருடைய விரலில் பிராணவாயு அளக்கும் ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஐயாயிரத்து அறுநூறு மீற்றர் உயரக் கணவாய் இருக்கிறது. காலையில் தலையிடி நிற்காவிட்டால் இங்கிருந்தே கீழே அனுப்பிவிடுவேன் என்றார்.

மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது. எல்லோரும் வெளியே ஓடிப்போய்த் தேவாரம் பாடினார்கள். அண்ணை மட்டும் வாசலைப் பார்க்காமல் கிடந்தார்.

“பாதியிலை விட்டால் நேர்த்தி செல்லாது, பிள்ளை,” என்றார் என்னிடம். “தொடங்காமல் விட்டிருக்கலாம். தொடங்கிப்போட்டு விட்டால் அவனுக்கெல்லோ கூடாது.”

அதுவரைக்கும் இந்த யாத்திரையை நான் அண்ணையின் பல விசர்களில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். அவர் நடந்தால் தம்பி வருவார், நின்றால் வரமாட்டார் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் தலையிடி குறைந்திருந்தது. கருவியில் எண்ணும் கொஞ்சம் ஏறியிருந்தது. வழிகாட்டி ஒரு நிபந்தனை போட்டார். குழுவிலேயே மெதுவாக நடக்கிற ஆள் யார் என்று கேட்டார். பதின்மூன்று விரல்களும் என்னைக் காட்டின. நான் முன்னால் நடக்க வேண்டும், அண்ணை பின்னால், தான் அவருக்குப் பின்னால். அண்ணை என்னை ஒரு அடி தாண்டினாலும் அந்த இடத்திலேயே திரும்புவோம் என்றார்.

மற்றவர்கள் எல்லாம் எங்களைக் கடந்து மேலே போனார்கள். நான் பத்து அடி வைப்பேன், நிற்பேன். பத்து அடி வைப்பேன், நிற்பேன். பின்னால் அண்ணையின் மூச்சு கேட்கும். அவருடைய சப்பாத்து இரண்டு தடவை என் குதிக்காலில் இடித்தது.

“நீர் எப்பவும் இப்பிடித்தான் நடப்பீரோ, பிள்ளை?”

“இது நான் கெதியா நடக்கிறது, அண்ணை.”

இன்னும் பத்து அடி வைத்தேன். பிறகு அவராகவே தொடங்கினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, முன்னால் நடந்தபடியே கேட்டேன்.

“சண்டை நிண்ட சமாதான காலத்திலை வன்னிப் பாதை திறந்திருந்ததெல்லோ. அப்ப அவன் கேட்டவன், ‘அண்ணை, என்னையும் கூப்பிடுங்கோவன்’ எண்டு. நாங்கள் அப்பத்தான் லண்டனுக்கு மாறி வந்தனாங்கள், ஒரு அறையிலை சீவியம். நான் சொன்னன், ‘அவசரப்படாதை, பொறு. ஒரு வீடு எடுத்திட்டுக் கூப்பிடுறன்’ எண்டு.” இரண்டு மூச்சு விட்டார். “என்ரை சீவியத்திலை நான் ஒராளைப் பொறு எண்டு சொன்னது அண்டைக்கு மட்டுந்தான்.”

எனக்கு அழுகை வந்தது. மூச்சு விடவே காற்றுப் போதாத இடத்தில் அழவும் முடியவில்லை. பத்து அடி வைத்தேன், நின்றேன்.

ஒரு திருப்பத்தில் திபெத்தியப் பெண் ஒருத்தி தரையில் நீட்டி விழுந்து கும்பிட்டுக்கொண்டு வந்தாள். விழுந்து, எழுந்து, கை எட்டிய இடம் வரை நடந்து, மறுபடியும் விழுந்து. மலை முழுவதையும் உடம்பாலே அளந்து சுற்றுகிறவர்கள் அவர்கள். தோல் ஏப்ரன், கைகளில் மரப்பலகை, நெற்றியில் புழுதி. எத்தனை நாள் எடுக்கும் என்று அண்ணை கேட்டார். மூன்று நான்கு கிழமை என்றார் வழிகாட்டி. அண்ணை தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

“யாருக்காகச் சுற்றுகிறாய் என்று கேட்கிறாள்,” என்றார் வழிகாட்டி.

தம்பிக்காக என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டாள். வழிகாட்டி சற்றுத் தயங்கினார். “எப்போது இறந்தார் என்று கேட்கிறாள். இங்கே நிறையப் பேர் இறந்தவர்களுக்காகச் சுற்றுவார்கள். அவள் தன் புருஷனுக்காகச் சுற்றுகிறாள்.”

“சாகேல்லை எண்டு சொல்லும்!” என்றார் அண்ணை. ஆங்கிலம் மறந்து தமிழில் கத்திவிட்டார். நான்தான் வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அவளுக்குச் சொன்னார். அவள் பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மரப்பலகை கட்டிய கையாலே அண்ணையின் தோளைத் தட்டினாள்.

“அப்படியென்றால் அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வா என்கிறாள்.”

“கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லும்,” என்றார் அண்ணை.

கணவாய்க்குப் போய்ச் சேர நடுப்பகலாகிவிட்டது. மற்றவர்கள் வந்து ஒரு மணித்தியாலமாகக் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். “என்ன அண்ணை, சுணங்கிட்டியள்?” என்று என் கணவர் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை ஆயிரம் கொடிகள் கட்டிய பெரிய பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணை அந்த உயரத்தில் பத்து நிமிடம்தான் நிற்கலாம் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். பத்தாவது நிமிடத்தில் நான்தான் போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

மூன்றாம் நாள் சுற்று முடிந்து, நாங்கள் நடக்கத் தொடங்கிய தார்ச்சென் ஊருக்குள் கால் வைத்ததும், தெரு நடுவில் நின்று கைகூப்பினார். “முடிஞ்சுது. இனி அவன் வந்து சேருறதுதான்,” என்றார். அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

லண்டனுக்கு வந்ததும் வீட்டில் இருந்த சின்ன அறைக்குப் பெயின்ற் அடித்தார். கட்டில் போட்டார். ஊரிலிருந்து வருகிற ஆளுக்குக் குளிர் தாங்காது என்று தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கிக் கதவில் கொழுவினார். வருட முடிவில் தம்பியின் மனைவியையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். அந்தப் பெண் கணவனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பதில், பிடிபட்டவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அண்ணை எனக்குச் சொல்லும்போது, “இன்னும் பட்டியல் இருக்காம்,” என்பார்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல் பிந்தித்தான். பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தெருவின் மறுபக்கத்தில், தூறல் மழையில், குடையில்லாமல் அண்ணை நின்றுகொண்டிருந்தார். அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு இப்படித்தான் சில மாதமாக வெளியே நிற்கிறார் என்று ஆட்கள் சொன்னார்கள். கோயிலைத் திறக்க ஐயர் வரும்போதே அந்த இடத்தில் நிற்பாராம். உள்ளே மட்டும் வருவதில்லை. நான் தெருவைக் கடந்து போனேன்.

“நனையிறியள் அண்ணை. உள்ளுக்கு வாங்கோ.”

“இல்லைப் பிள்ளை. நான் சிவன்ரை வீடுவரைக்கும் போயிட்டு வந்திட்டன். இனி நான் உள்ளுக்குப் போய் என்னத்தைக் கேக்கிறது? கேட்டாச்சு, செய்தும் முடிச்சாச்சு. இனி அவரின்ரை பாடு.”

“கோவமோ?”

“சீச்சீ. என்ன கோவம்?” கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கோயில் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “முந்தி வந்தவன் காத்துக்கொண்டு நிக்கத்தானே வேணும், பிள்ளை.”

அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. குடையை விரித்து இருவருக்கும் பிடித்துக்கொண்டு, அக்கா வெளியே வரும்வரைக்கும் நானும் அவரோடு நின்றேன்.